வெள்ளைப் பெயிண்ட்

"ஒளிவட்டம் இருக்க வேண்டிய இடத்துல ராட்டினத்தைச் சுத்த விட்டிருக்கியேடா! இது இயேசுவா?"

அம்மா படத்தின் முன்னால் நின்று கத்தினாள். 'கூப்பிட்டா இப்பவே வந்துடறேன் ஆண்டவரே' என்று தினமும் ஜெபிக்கிறவள் அவள். மகன் வரைந்த, இயேசுவின் கடைசி இராப்போஜனப் படத்தில் அப்பத்தின் மேல் கலர் கலராகக் காளான் முளைத்திருந்தது. சீடர்களுக்கு ஊதா முகம். மூன்று கண் ஆட்டுக்குட்டி ஒரு கண்ணைச் சிமிட்டியது.

"பாஸ்டர் பாத்தா சபைய விட்டே தள்ளிடுவார். உண்மையச் சொல்லு, என்ன மாத்திரை போடற?"

"சத்தியமா எதையும் தொடலம்மா."

"பின்ன, புத்தி தெளிஞ்சவன் இப்படி வரைவானா? இப்பவே வெள்ளைப் பெயிண்ட்ட அடி!"

மகன் டப்பாவைத் திறந்தான். பிரஷ்ஷைத் தொடவில்லை.

"இது நான் பாத்ததில்லம்மா. உன் ஆபரேஷன் முடிஞ்சு மருந்து மயக்கத்துல, என் கையப் புடிச்சுக்கிட்டு நீ சிரிச்சு சிரிச்சு சொன்னது. அப்படியே வரைஞ்சேன்."

அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. மறுபடி படத்தைப் பார்த்தாள். இயேசுவின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"இது யாருக்கு?"

"உனக்குத்தானாம். 'வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்'னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்தியாம்."

 அவள் பிரஷ்ஷை எடுத்து மகன் கையில் திணித்தாள்.

"படம் இருந்துட்டுப் போகட்டும். அந்த நாற்காலிய மட்டும் அழிச்சிடுடா."