ஹால் சுவிட்ச்

‘உங்கள் வீடே சொர்க்கம்’ என்ற வலைப்பூவின் நிறுவனர், ஆசிரியர், தலைமை ஆலோசகர் ஆகிய மூவரும் ஃபாயிஸ் ஒருவன்தான். 2013-ஆம் ஆண்டுக்கான இலக்குகளை மனைவி ஜஸீனாவிடம் கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு, ஐம்பத்திரண்டு கட்டுரை. ரெண்டு, பத்தாயிரம் வாசகர். மூணு, தேங்காய்ப்பட்டணத்து வீடுகளுக்க ரசனையை உயர்த்துறது.”

“அதுக்கு முன்னால நம்ம அடுக்களையைப் பாருங்க. உப்புக்காத்துல பெயிண்ட் பாளம் பாளமா உரியுது.”

“கிண்டல் பண்ணாதட்டி. ஒரு வாசகர் கேட்டிருக்காரு, இருட்டுல உள்ள நுழைஞ்சா சுவிட்ச் எந்தக் கைப்பக்கம் இருந்தா நல்லதுன்னு. நம்ம ஹால்ல எந்தப் பக்கம் இருக்கு?”

ஜஸீனா சிரித்தாள். “போன மாசம் நம்ம ஹாலைப் பத்தி மூணு பக்கம் எழுதுனியளே! அதுல இல்லியா?”

“நீ அனுப்புன போட்டோவுல அந்த மூலை விழலட்டி.”

சிரிப்பு நின்றது. “வலது பக்கம்” என்றாள். “பால் காய்ச்சி நாலு வருஷம் ஆச்சு. வீட்டுப் படியை நீங்க எப்பதான் மிதிக்கப் போறிய?”

“லீவு கேட்டிருக்கேன்.”

போனை வைத்தான். சவுதியின் தம்மாமில் எட்டுப் பேர் படுக்கும் அறை அது. அந்த அறையின் சுவிட்சை அவன் கண்ணை மூடிக்கொண்டே போடுவான். இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் குனிந்து உட்கார்ந்து, மூன்று இலக்குகளையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்றை எழுதினான்:

‘இருட்டில் தடவாமல் ஹால் லைட்டைப் போடுதல்.’