பிடித்து வைத்த இடம்

நண்பகல் வெயில் கடை வாசலில் கொளுத்துகிறது. மூலை மேசையில் உட்கார்ந்த தாட்சாயினி, வழக்கம்போல் எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைக்கிறாள். ஆள் வருகிறார் என்று அதற்கு அர்த்தம். பினாங்கில் அப்படிப் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவள் இடம் பிடிப்பதோ கையிலிருக்கும் நாவலில் வரும் மாலுமி இளம்பரிதிக்கு. ஒரு வருஷமாக அவன்மேல் பித்து. கடைசி அத்தியாயத்தில் அவன் கடலில் மூழ்கிவிடுவான் என்று யாரோ சொன்னதிலிருந்து, அந்தப் பக்கங்களை ரப்பர் வளையம் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். அதுவரை படிப்பாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இன்று காலை ஃபெரிப் படகில் வரும்போது வளையம் அறுந்துபோக, கண் படித்துத் தொலைத்துவிட்டது. அழுத முகத்தை இன்னும் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. கடைக்காரப் புஷ்பவள்ளி அக்கா இரண்டு கிளாஸ் தேநீரை வைக்கிறார்.

“ஒண்ணுதானேக்கா கேட்டேன்?”

“அவருக்கு ஒண்ணு லா. இத்தன நாளா எடம் மட்டும் புடிச்ச, இன்னிக்குத்தான் ஆளு வந்திருக்காரு.” அக்கா குரலைத் தாழ்த்துகிறார். “மழையே இல்லயேம்மா, எங்க இப்படி நனைஞ்சாரு?”

மேசைக்கடியில் அவள் செருப்பை நோக்கித் தண்ணீர் ஊர்ந்து வருகிறது. உப்பு வாடை அடிக்கிறது. தாட்சாயினி தலை நிமிராமலே டிஷ்யூ பொட்டலத்தை எதிர்ப்பக்கம் மெல்ல நகர்த்துகிறாள்.

எதிர்ப்பக்கமிருந்து இழுபட்டு, அது அவள் விரலிலிருந்து கழன்று போகிறது.