சாக்கில் விழும் அட்டைகள்

பாளையங்கோட்டைக் கல்லூரி நூலகத்தில் மாலை வெயில் புதுக் கணினியின் திரையில் விழுந்து எழுத்தை மங்கவைக்கிறது. நூலகர் சாலோமி ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறுகையின் ஒற்றை விரலால் ஓர் ஆசிரியரின் பெயரைத் தட்டுகிறார். புத்தகம் இருக்கும் அலமாரி எண் வந்ததும் முகம் மலர்கிறது. மென்பொருளை நிறுவித் தந்த அம்பலவாணன் குனிந்து வயர்களைச் சுருட்டுகிறான். மூன்று கல்லூரிகளுக்குமேல் யாரும் அந்த மென்பொருளை வாங்காததால், அவன் வேலை பார்க்கும் பேட்டைக் கம்பெனியை முதலாளி சனிக்கிழமையோடு மூடுகிறார். இங்கே அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாதென்று சொல்லித்தான் அவனை அனுப்பியிருக்கிறார். உதவியாளர் ஞானையா மர இழுப்பறையை உருவுகிறார். உள்ளே புத்தகத்துக்கு ஒன்றாக, சாலோமி இருபது வருடம் கைப்பட எழுதி அகரவரிசையில் அடுக்கிய அட்டைகள். "பழைய பேப்பருக்குப் போட்டுருங்க அண்ணாச்சி. இனி எதுக்கு?" என்கிறார் சாலோமி. "மிஷின் மண்டையப் போட்டுட்டுன்னா என்னத்தச் செய்ய?" "தம்பி இருக்காவல்லா. ஒரு போன் போட்டா பேட்டையில இருந்து ஓடி வந்துருவாவ. என்ன தம்பி, வருவியல்லா?" "வந்துருவேன் மேடம்," என்கிறான் அம்பலவாணன். ஞானையா ஒரு சாக்கை எடுத்துவைத்து, அதில் கவிழ்க்க இழுப்பறையைத் தூக்குகிறார். சாக்கு மடிந்து விழுகிறது. அம்பலவாணன் எட்டிப்போய் அதன் வாயை விரித்துப் பிடிக்கிறான். அட்டைகள் சரசரவென்று வரிசை குலைந்து கொட்டுகின்றன. "தூசி கண்ணுல விழும் தம்பி, தள்ளி நில்லுங்க," என்கிறார் சாலோமி. அவன் தள்ளி நிற்கவில்லை.