சில்லு போலீஸ்

“சில்லுனு கீது” என்றார் போலீஸ்காரர், என் சைக்கிள் விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

பொய். பச்சைப் பொய். ஏரிக்கரைக் காற்றில் விளக்கு அணைந்து முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மண்ணெண்ணெய் விளக்கு வைத்துச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு நியாயம் உண்டு. இருட்டிய பிறகு விளக்கு எரியாமல் வந்தால் போலீஸ் அதைத் தொட்டுப் பார்க்கும். சூடாக இருந்தால், பாவம், காற்றில் அணைந்தது, போகலாம். சில்லென்று இருந்தால் ஏற்றாமலே வந்தவன். கேஸ்.

போலீஸ்காரர் பெயர் விருத்தாசலம். அவர் பாண்டிச்சேரி ரோட்டு முனைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எந்த விளக்கும் அவருக்குச் சூடாக இருந்ததில்லை. ‘சில்லு போலீஸ்’ என்றே ஊர் பெயர் வைத்துவிட்டது.

மாதக் கடைசியில் கேஸ் கணக்குக் காட்ட வேண்டுமாம். அதற்கு இளிச்சவாயன் சைக்கிள்காரன்தானே கிடைப்பான்? மதுவிலக்கு நடக்கிற சீமையில், பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் பாட்டிலாக லாரியில் வருகிறது. இவர் பிடித்தது என் விளக்கை.

அதுவும் மூன்றாம் தடவை. மூன்றாம் தடவை என்றால் சைக்கிளையே ஸ்டேஷனில் போட்டுவிடுவார்கள். கோர்ட்டுக்குப் போய் மீட்டு வர வாரக்கணக்காகும்.

நான் விடியற்காலையில் ரொட்டிக் கடையிலிருந்து கிளியனூர் வரைக்கும் டீக்கடைகளுக்கு பன் போடுகிறவன். நாளைக்குச் சைக்கிள் இல்லையென்றால் அந்த லைன் வேறொருவனுக்குப் போய்விடும். முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

“நல்லா தொட்டுப் பாருங்க சார். இப்பத்தான் அணைஞ்சுது.”

“பாத்தாச்சு. வண்டிய ஓரங்கட்டு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே விளக்கின் தகரத்தில் விரலை வைத்தேன். சுரீரென்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்தேன். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கொதிக்குது சார்! நீங்களே கைய வெச்சிப் பாருங்க, எல்லாரும் பாக்கட்டும்!”

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இடது கையை நீட்டி விளக்கின் மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரைஸ்மில் அரங்கநாதனின் கார் வந்தது. ஒற்றைக் கண் கார். அதன் இன்னொரு விளக்கு எரிந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் ஒரு மாட்டுவண்டியை ரோட்டைவிட்டே இறக்கியது. சில்லு போலீஸ் விறைத்து நின்று வலது கையால் ஒரு சல்யூட் அடித்தார்.

“அந்த வெளக்க தொட்டுப் பாருங்களேன் சார்!” என்று கத்தினேன்.

கார் போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் கவனித்தேன். அவருடைய இடது கை இன்னும் விளக்கின் மேலேயே இருந்தது.

நான்கு விரலும் தகரத்தில் பதிந்திருந்தன. தோல் தீய்கிற வாடை அடித்தது. அவர் கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கை” என்றேன்.

குனிந்து பார்த்த பிறகுதான் எடுத்தார். உதறவில்லை, ஊதவில்லை. விரல்களில் தோல் வெளுத்துக் கிளம்பியிருந்தது. பக்கத்தில் பழைய சூட்டு வடுக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. சட்டென்று கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

என் சித்தப்பா இப்படித்தான் கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி வைப்பார். இரும்புக் கை என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். பிறகு ஒருநாள் அவரைச் செங்கல்பட்டு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் வேலை பார்த்த கடையில் அவர் உட்கார்ந்த பாயைக்கூடக் கொளுத்தினார்கள். அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சூடும் சில்லும் இவர் கைக்கு ஒன்றுதான். தெரிந்தால் உடுப்பைக் கழற்றிவிடுவார்கள்.

டீயைக் குடித்து முடித்து ஏட்டு துரைக்கண்ணு ரோட்டைத் தாண்டி வந்தார். “இன்னாய்யா பேஜாரு இங்க? வெளக்கு சூடா, சில்லா? நவுரு, நான் பாக்கறேன்.”

விருத்தாசலம் பையிலிருந்த கையை இன்னும் உள்ளே அழுத்தினார். விளக்கு சூடென்று தெரிந்தால் ஏட்டு அடுத்து அந்தக் கையைத்தான் பார்ப்பார்.

நான் விளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “வேணாங்க ஏட்டையா. சில்லுனுதான் கீது. நான் ஏத்தாமதான் வந்தேன்.”

“இப்பத்தானே கொதிக்குதுன்னு குதிச்ச?” என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“சும்மா குதிச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு என் பிடரியில் ஒன்று போட்டார். விருத்தாசலம் என் சைக்கிளை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார், ஒற்றைக் கையால். திரும்பிப் பார்க்கவில்லை.

யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. ரைஸ்மில் காரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுக என் விரல் நுனி எரிந்துகொண்டே வந்தது.

எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.