வாரண்டி முடிந்த மறுநாள்

"நீ விக்கிறது இயர்போனா, மெழுகுவத்தியா? ஏத்தி வெச்ச கொஞ்ச நாள்ல அணைஞ்சு போகுது!"

செல்போன் கடை மேஜையில் இயர்போனைத் தூக்கிப் போட்டார் கண்டக்டர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆனாலும் அந்தத் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தன்னை எதிர்த்துப் பேசியவன் முகத்தைக்கூட இன்னும் மறக்காதவர்.

கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்தார்.

"வலது நல்லாப் பாடுது சார். இடதுதான் போச்சு."

"எப்பவும் இடதுதான் போகுது! அதுவும் வாரண்டி முடிஞ்ச கையோட. ஒரு மாசம் ஒழுங்கா இருக்கும். அப்புறம் ஒத்தைக் காது. கம்பெனிக்காரன் உள்ளே கடிகாரம் வெச்சு அனுப்புறானா?"

"ஒயரைச் சுருட்டிப் பையில திணிச்சிருப்பீங்க."

"பச்சைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கேன்யா!"

"தலைக்கு அடியில போட்டுத் தூங்கியிருப்பீங்க."

"இந்த எரிச்சல்ல எனக்குத் தூக்கம் எங்கே வருது?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிளேடால் ஒயரின் மேல்தோலைக் கீறினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இது தானா அறுந்தது இல்ல. இடது ஒயர்ல மட்டும் பொடிப்பொடியா ஓட்டை. யாரோ ஊசியால குத்தியிருக்காங்க. வீட்ல யாராவது தைப்பாங்களா?"

கண்டக்டருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புதிதாக ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

மருமகள்!

ரேடியோவில் சத்தமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனை, "மாமா, அவர் ராத்திரி வேலை முடிச்சுத் தூங்குறார், காதுல மாட்டிக்குங்களேன்" என்று இந்த ஒயருக்குள் கட்டிப்போட்டதே அவள்தான்.

போன வருஷம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததும் அவளால்தான். சோப்புத் தண்ணீரை அலசிவிடாமல் வந்துவிட்டாள். "ஆமா மாமா, என் தப்புதான்" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அன்றிலிருந்து கண்டக்டர் அவளோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லுவார்.

அதற்கப்புறம் என்ன கரிசனம்! மாமியார் குளிக்கப் போனால் இவள் வாசலில் காவல் நிற்கிறாள். செய்வதையும் செய்துவிட்டு நடிப்பு வேறு.

வீட்டுக்குள் நுழைந்தபோது மருமகள் ஜன்னலோரம் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"என் ஒயரை ஊசியால குத்தினது யாரு?" சுவரைப் பார்த்துக் கேட்டார்.

தையல் மெஷின் நின்றது.

"நான்தான் மாமா."

இல்லையென்று சாதிப்பாள் என நினைத்து, வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவுகளில் பாதி வீணாய்ப் போனது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"கிழவன் நாலு பாட்டு நிம்மதியாக் கேக்கிறது பொறுக்கலையா? என் பொண்டாட்டி கையை உடைச்சது போதாதுன்னு..."

"அவளைத் திட்டாதீங்க. குத்தச் சொன்னது நான்."

சரியாக மடங்காத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி.

"வேணாம் அத்தை..."

"நீ சும்மா இரும்மா. இன்னும் எத்தனை நாளைக்குப் பேச்சு வாங்குவே?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நான் விழுந்த அன்னிக்குத் தரையை அலசாம விட்டது நான்தான். பையன் ராத்திரி வேலைக்குக் கிளம்பிப் போயிட்டான், இவ கடைக்குப் போயிருந்தா. விழுந்து கிடந்த இடத்துல இருந்து தொண்டை கிழிய உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்க முன்னறையில ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு, கூடவே பாடிக்கிட்டு இருந்தீங்க. இவ வந்து தூக்குற வரைக்கும் உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் கிடந்தேன்."

கண்டக்டர் மனைவியின் மடங்காத கையைப் பார்த்தார்.

"இதை... இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒயரைத் தூக்கி எறிஞ்சுட்டு, ஆயுசுக்கும் பாட்டுப் பக்கமே போக மாட்டீங்க. ஊரார் மேல வெக்கிற வன்மத்தை உங்க மேலேயே வெச்சுக்குவீங்க. அதான் ஒரு காது உங்க பாட்டுக்கு, ஒரு காது நான் கூப்பிட்டா கேக்கிறதுக்குன்னு இவகிட்ட சொன்னேன். பழியையும் இவளே வாங்கிக்கிட்டா."

கண்டக்டர் சுவரை விட்டுவிட்டு, மருமகள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப எதுக்கு ஒவ்வொரு தடவையும் வாரண்டி முடியற வரைக்கும் காத்திருந்தே?"

"அதுக்குள்ள குத்தினா நஷ்டம் கடைக்காரர் தலையில விழும்ல மாமா, பாவம். அந்த ஒரு மாசம் அத்தை குளிக்கப் போனா நான் வாசல்ல நின்னு பாத்துக்குவேன்."

கண்டக்டர் பையிலிருந்து புது இயர்போனை எடுத்தார். உறையைக் கிழித்து, அதைத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

"வாரண்டியெல்லாம் பாக்காதேம்மா. இப்பவே குத்து."