அத்தையின் மீசை

மாமியாருக்கு மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் மீசைக்காரி என்றுதான் வசுமதி சொல்வாள். தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்குக் கொடுத்ததும் அந்த மீசைக்காரிதான். உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடாதிருக்கத் தினமும் மாத்திரை போட்டாள். மூன்றாம் வருடம் மாமியார் மாரடைப்பில் போனார். அதன்பிறகு, மாத்திரையின் வேலையால், வசுமதியின் உதட்டின்மேல் புகைபோல் முடி படர்ந்தது. காலையில் கண்ணாடி முன் நின்றால், தண்ணீருக்கடியிலிருந்து மெல்ல மேலே வருவதுபோல் அத்தை வந்தார்.

“வேற மாத்திரை தரேன்மா. கிட்னியை அதுவும் காப்பாத்தும். கை கொஞ்சம் நடுங்கும், ஆனா இந்த முடி போயிடும்” என்றார் டாக்டர்.

வசுமதி உதட்டைப் பொத்திக்கொண்டாள்.

“வேணாம் சார். மாலை போட்ட படத்துல ஸ்டுடியோக்காரர் அத்தை மீசையை அழிச்சிட்டாரு. இப்ப இங்க மட்டுந்தான் இருக்கு.”