காரம் கம்மி

“உனக்குக் கோபமே வராதா, பிலாய்?”

இருபது ஆண்டுகளாகத் தாய்லாந்தின் சியாங் மாயிலேயே தங்கிவிட்ட ஆங்கிலேயர் கிரகாம், அவள் கொடுத்த நூடுல்ஸ் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, கைபேசியில் செய்தியைக் காட்டினார். நேற்று குடிபோதையில் அவளுடைய நூடுல்ஸ் வண்டியைக் கவிழ்த்த வெள்ளைக்காரப் பையன், இப்போது காவல் நிலையத்தில் இருந்தான்.

“புகார் கொடு, நாட்டைவிட்டே துரத்தட்டும். இவனுங்களாலதான் எங்க மானம் போகுது!”

“வேணாம்ண்ணே. முன்னாடியும் ஒருத்தர் இப்படிக் கவுத்தார். நான் புகார் கொடுக்கல.”

“உடனே திருந்திட்டானாக்கும்?”

“மறுநாளே வந்தார். அவருக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. காரம் கம்மியா ஒரு நூடுல்ஸ் கேட்டார். இன்னைக்கும் அதையேதான் கேட்டார்.”

கிரகாம் தன் கிண்ணத்தைப் பார்த்தார். அதில் ஒரு மிளகாய்கூட இல்லை.

இன்னும் வாய் வைக்காத அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் காவல் நிலையத்தை நோக்கி நடந்தார்.